நெற்று டப்பாவும் நைச்சியமும்

சுடலைமுத்து காலையில் போன் செய்தால் ஆட்டுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் அர்த்தம். நான் கால்நடை ஆய்வாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிறது. சங்கரன்கோவில் கால்நடை மருந்தகத்தில் இப்போது இருப்பவர் நல்ல மனிதர், கூப்பிட்டால் உடனே போனை எடுப்பவர். ஆனாலும் குருவிகுளம் பக்கத்து ஆட்டுக்காரர்கள் என்னைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். நான் எரிந்து விழுவேன். அவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஆட்டின் நோயைச் சொல்வார்கள். அன்றைக்கு அடுப்பில் சுக்குக் காப்பி கொதித்துக்கொண்டிருந்தது. போனை எடுத்ததும் பின்னால் ஆடுகள் கத்தும் சத்தம். "என்னல, கழிச்சலா, வயித்து உப்புசமா?" என்று கேட்டேன்.

"ஆடெல்லாம் நல்லாருக்கு அண்ணாச்சி" என்றான். கத்துகிற ஆடுகளை ஒரு அதட்டு அதட்டினான். பிறகு, "டாக்டரம்மா போயிட்டாவ. மவன் இப்பந்தான் போன் போட்டாரு. உங்கட்ட சொல்ல அவருக்கு நாக்கு எழும்பலையாம், என்னையச் சொல்லச் சொன்னாரு" என்றான். நான் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன்.

டாக்டரம்மா என்று சொன்னால் இந்தத் தாலுகாவில் ஆடு மாடு வைத்திருக்கிற யாருக்கும் மேல்விவரம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கால்நடை மருத்துவர் செண்பகவல்லி, சங்கரன்கோவில் மருந்தகத்துக்கு மாற்றலில் வந்து, இங்கேயே ஓய்வு பெற்று, இங்கேயே வீடு கட்டிக் குடியிருந்தவர். பிறந்தது தாமிரபரணிக் கரையில். ஊர் முழுக்கத் தண்ணீர் ஓடுகிற இடத்தில் பிறந்துவிட்டு எதற்கு இந்தக் கரிசலில் வந்து ஒட்டிக்கொண்டீர்கள் என்று பலமுறை கேட்டிருக்கிறேன். "உங்க ஊர் ஆடு விடமாட்டேங்குது அண்ணாச்சி, நான் என்ன செய்ய?" என்பார். அவருடன் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து நினைவு மலர் போடுகிறார்களாம், ஆளுக்கு ஒரு பக்கம் என்று கேட்டார்கள். எனக்கு ஒரு பக்கம் போதாது. மலர்க் குழுவினர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அவர் வந்து சேர்ந்த முதல் வாரத்தில் நடந்தது இது. ஊசி போட மாட்டை நிறுத்துகிற மரச் சட்டத்துக்குள் ஒரு பசு வரமாட்டேன் என்று நின்றது. நாங்கள் வழக்கப்படி ஒருவர் கயிற்றை இழுக்க, ஒருவர் வாலை முறுக்க, ஒருவர் பின்னாலிருந்து தள்ள, பெரிய அமர்க்களமாக இருந்தது. புதிதாக வந்த டாக்டரம்மா வெளியே வந்து பார்த்தார். "எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். சட்டத்தின் மறுபக்கம் போய்ச் சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தரையில் குத்தவைத்து உட்கார்ந்தார். ஒரு சட்டியில் ஊறவைத்த பருத்திக்கொட்டையைக் காட்டிக்கொண்டு, அவசரமே இல்லாத ஆளாக உட்கார்ந்திருந்தார். பசு யோசித்தது. பிறகு தானாக உள்ளே நடந்தது. ஊசி போட்டு முடிந்ததும் நான் சட்டியை எடுத்துக்கொண்டு போகப் பார்த்தேன். அடுத்த மாட்டுக்கும் அதையே காட்டலாமே என்கிற சிக்கனம். "அத எங்க கொண்டு போறீங்க அண்ணாச்சி? அதுக்குக் காட்டினது அதுக்குத்தான்" என்றார். பசு சட்டியை நக்கி முடிக்கும் வரைக்கும் அடுத்த மாடு வெளியில் காத்திருந்தது. நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். இந்த அம்மா இந்த ஊரில் ஒரு மாதம் தாங்கமாட்டார் என்று நினைத்தேன்.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கால்நடை ஆய்வாளர் ஒருவர் சைக்கிளோடு நின்றுவிட்டது மாவட்டத்துக்கே தெரிந்த விஷயம். மருந்தகத்து ஜீப் ஓடாமல் நின்ற பிறகு டாக்டரம்மா தன் ஸ்கூட்டரில்தான் கிராமங்களுக்குப் போவார், நான் பின்னால் மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். டீக்கடைக்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். "அண்ணாச்சி, கெட்டியாப் புடிச்சிக்கோரும்" என்று ஒருவன் கத்தாத நாள் கிடையாது. அவருக்கு அதெல்லாம் காதில் விழாது. காற்றுக்கு மேல் குரலை உயர்த்திப் பேசிக்கொண்டே ஓட்டுவார். நாங்கள் பேசியதெல்லாம் அப்படி அவர் முதுகோடு பேசியதுதான்.

அந்தச் சொல்லும் அப்படித்தான் வந்தது. சிவகிரிப் பக்கத்தில் ஒரு பெரிய விவசாயி, தடுப்பூசி போட்டால் பால் வற்றிவிடும் என்று எங்களை வாசலோடு திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா ஒருநாள் ஊசியைப் பற்றிப் பேசாமல் அவர் தொழுவத்து ஓரத்தில் போய் உட்கார்ந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். ஒவ்வொரு பசுவுக்கும் என்ன பெயர் என்று கேட்டார். ஊசிக்குப் பிறகு ஒருநாள் இரண்டுநாள் பால் குறையும், அது உண்மை, அப்புறம் சரியாகிவிடும் என்றும் சொன்னார். கடைசியில் அந்த மனிதரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க, எல்லா மாட்டுக்கும் ஊசி போட்டோம். மறுவாரம் அவர் பஸ் ஸ்டாண்டில் நாலுபேர் நடுவில் சொன்னதை நான் என் காதாலேயே கேட்டேன். "அந்தம்மா நைச்சியமாப் பேசி ஆளக் கவுத்திட்டால்லா!"

எனக்கு ரத்தம் கொதித்தது. திருவேங்கடம் ரோட்டில் போகும்போது டாக்டரம்மாவிடம் அதை அப்படியே ஒப்பித்தேன். அவர் கோபப்படுவார், நாமும் சேர்ந்து கோபப்படலாம் என்று ஆசையாக இருந்தேன். அவர் சிரித்த சிரிப்பில் ஸ்கூட்டர் ஒரு ஆட்டம் ஆடியது. ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பி, "அண்ணாச்சி, நைச்சியம்னா என்னன்னு சொல்லுங்க பாப்போம்" என்றார்.

"ஆச வார்த்தை சொல்லி ஆள மயக்குதது. வேற என்ன? நல்ல சொல்லா அது?"

"எங்கப்பா தெனமும் பெருமாள் கோவில் கோஷ்டியில நின்னு பாசுரம் சேவிப்பாரு. வீட்டுல உரை படிப்பாரு. அதுல நைச்சியம் நைச்சியம்னு வந்துக்கிட்டே இருக்கும். நீசன்னா தாழ்ந்தவன். அந்த நீசத்துல இருந்து வந்ததுதான் நைச்சியம். நான் ஒண்ணுமே இல்ல, உனக்குக் கீழ நிக்கேன்னு சாமிகிட்ட சொல்லுததுக்குப் பேரு அது. சாமிய மயக்க யாரால முடியும்?"

"அப்ப இந்தக் கெட்ட அர்த்தம் எங்கன இருந்து வந்துச்சு?" என்று கேட்டேன். நான் சும்மா விடுகிற ஆள் இல்லை.

"தாழ்ந்து நின்னு பேசுதவன் எல்லாம் காரியத்துக்காகத்தான் நிக்கான்னு ஊர் கண்டுபிடிச்சிருக்கும். அதுக்கு அந்தச் சொல் என்ன செய்யும் பாவம்?" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எங்களுக்குள் ஓயவே இல்லை. ஆசை காட்டி இழுப்பதற்கு நம்மிடம் எத்தனை சொற்கள் என்று போகிற வழியெல்லாம் பிடித்து வைத்துக்கொண்டு வருவார். சபலம் என்றால் முதலில் ஆட்டம், ஓரிடத்தில் நிலைகொள்ளாத தன்மை, மனது அப்படி ஆடுவதால்தான் அந்தப் பெயர் என்பார். கவர்ச்சி என்பதில் கவர்தல் இருக்கிறது, பிடுங்கிக்கொள்வது, அழகான பொருள் நம்மிடமிருந்து எதையோ பிடுங்குகிறது என்பார். ஒருமுறை வழியில் ஒரு வெள்ளாடு பருத்திக்காட்டு வேலிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு முழித்தது. அதை விடுவித்துக்கொண்டே சொன்னார்: "சபலம் ஆட்டோட பக்கம். கவர்ச்சி பருத்தியோட பக்கம். நைச்சியம் நம்ம பக்கம் அண்ணாச்சி, நமக்கு மிஞ்சினது அது ஒண்ணுதான்." நான் சிவன் கோவில்காரன், என்னிடம் பெருமாள் கோவில் விளக்கம் எடுபடாது என்று சொல்வேன். "இந்த ஊர்க் கோவில்ல சிவனும் பெருமாளும் ஒரே சாமியாத்தான நிக்காங்க, நீங்க என்ன தனியா?" என்று என் வாயை அடைத்துவிடுவார்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் கடைசி வரை விட்டுக்கொடுக்கவில்லை. எப்படிச் சொன்னாலும் அது ஏமாற்றுதான் என்பது என் கட்சி. பருத்திக்கொட்டையைக் காட்டி ஊசியால் குத்துவதை வேறு என்னவென்று சொல்வது? அவருடைய பதில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் இருந்தது. பழைய பால்பவுடர் டப்பா ஒன்று. அது நிறைய வேல நெற்று, விதை குலுங்கக் காய்ந்த காய், வைத்திருப்பார். உடை மரம், வேல மரம் என்று கோடையில் உதிர்கிற அந்த நெற்றுக்காக ஆடுகள் எதையும் செய்யும். டப்பாவைக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரும், எங்கே நின்றாலும் தலையைத் தூக்கும். தடுப்பூசி போடப் போகும் இடமெல்லாம் அவர் முதலில் ஆடுகளை விடத் தாழ்வாக உட்கார்ந்துகொள்வார், டப்பாவைக் குலுக்குவார், வந்த ஆட்டுக்கெல்லாம் ஊசியும் உண்டு, கைப்பிடி நெற்றும் உண்டு. "நின்னுக்கிட்டு கூப்பிட்டா அது உத்தரவு. வலிக்கும்னு அதுக்குத் தெரிஞ்சும் வருதுன்னா நெத்து கட்டாயம் கிடைக்கும்னு தெரிஞ்சுதான் வருது. இதுல யாரை யாரு ஏமாத்துதா?" என்பார். நெற்று இல்லாத நாளில் அவர் அந்த டப்பாவை வெளியே எடுக்கவே மாட்டார்.

குருவிகுளம் பக்கத்துக் கிராமத்தில் ஆடு மேய்க்கும் சுடலைமுத்து இதைப் பார்த்துவிட்டுத் தானும் ஒரு டப்பா செய்துகொண்டான். அவனுக்கு நிலம் கிடையாது, அந்தச் செம்மறிக் கூட்டம்தான் எல்லாம். பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், வயதான தகப்பன் எல்லோரும் அதை நம்பித்தான் இருந்தார்கள். ஒருநாள் அவன் டப்பாவைக் குலுக்கும்போது டாக்டரம்மா முகம் மாறியது. வாங்கித் திறந்து பார்த்தார். உள்ளே கூழாங்கல்.

"நெத்து எங்க சுடலை?"

"சினை ஆட்டுக்கு எடுத்து வச்சிருக்கேன்மா. தெனமும் கூப்பிடுததுக்கெல்லாம் எங்கன போக? கல்லுக்கும் நெத்துக்கும் சத்தம் ஒண்ணுதான. ஆட்டுக்கு என்ன தெரியும்?"

"சத்தம் தெரியும். வந்து பாத்தா ஒண்ணும் இல்லங்கதும் தெரியும். வேண்டாம் சுடலை, இந்தக் கல்ல எடுத்து வெளிய போடு. கூப்பிட ஒண்ணுமில்லன்னா கூப்பிடாம இரு" என்றார். அவன் தலையை ஆட்டினான். இந்தப் பக்கத்து ஆட்டுக்காரர்கள் தலையாட்டினால் கேட்டுக்கொண்டார்கள் என்று அர்த்தமில்லை. எனக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும்.

அடுத்து வந்த சித்திரையில் நல்ல கோடை மழை ஒன்று பெய்தது. கரிசல் முழுக்க வெயிலில் வெடித்துக் கிடந்த நேரம். கதிர் அறுத்துவிட்டுப் போட்டிருந்த சோளக்கட்டைகள் அந்த மழைக்குத் துளிர்த்துவிட்டன. சுற்றிலும் ஒரு புல்கூட இல்லாதபோது ஒரே ஒரு சோளக்காடு மட்டும் பச்சைப்பசேல் என்று நின்றது. கட்டையில் துளிர்த்த அந்தக் குருத்தில் நஞ்சு இருக்கும். கொஞ்சம் தின்றாலே மூச்சு முட்டி விழுந்துவிடும், கூடத் தின்றால் பிழைப்பது கஷ்டம். இது ஆட்டுக்காரர் எல்லோருக்கும் தெரியும். ஆட்டுக்குத்தான் தெரியாது.

அன்று அந்தக் கிராமத்தில் எங்களுக்குத் தடுப்பூசி முகாம். சுடலைமுத்து தன் ஆடுகளைக் கண்மாய்க் கரையில் விட்டுவிட்டு, முதலில் தன் ஆட்டுக்கிடைக்கு வரச் சொல்லி எங்களைக் கூப்பிட வந்திருந்தான். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் ஓடி வந்தாள். "ஏ சுடலண்ணே, ஆடு பூராம் சோளக்காட்டுல நிக்கி!"

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆடுகள் காட்டின் ஓரத்தில் இறங்கி, குனிந்த தலை நிமிராமல் மேய்ந்துகொண்டிருந்தன. நான் ஒரு கம்பைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே பாயப் போனேன். டாக்டரம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "கம்பக் கீழ போடுங்க அண்ணாச்சி. விரட்டினா காட்டுக்கு நடுவுல போயிரும். ஓடிக்கிட்டே தின்னும்." அதற்குள் சுடலைமுத்து தன் டப்பாவைக் குலுக்கினான். ஆடுகள் தலையைத் தூக்கின. அவனைப் பார்த்தன. பார்த்துவிட்டுத் திரும்பவும் குனிந்து மேய ஆரம்பித்தன. அவன் குலுக்கினான், இன்னும் வேகமாகக் குலுக்கினான், பெயர் சொல்லிக் கூப்பிட்டான், அழுதான். அவன் தினமும் மேய்த்த ஆடு ஒன்றுகூட அசையவில்லை. அந்த நேரத்து அவன் முகத்தை நான் இப்போதும் நினைக்க விரும்புவதில்லை.

டாக்டரம்மா ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து தன் டப்பாவை எடுத்தார். வரப்புக்கு வெளியே, காட்டை விடத் தாழ்வான இடமாகப் பார்த்துக் குத்தவைத்தார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை, அவர் என்னவோ பந்தியில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். டப்பாவை மெதுவாகக் குலுக்கிக்கொண்டு, நாக்கைத் தட்டி ஒரு சத்தம் கொடுத்தார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு கிழட்டு ஆடு, ஒரு காது அறுந்துபோனது, ஒத்தக்காதி என்று கூப்பிடுவார்கள், அது நிமிர்ந்தது. குளம்பில் புண் வந்து சீழ் கட்டியபோது டாக்டரம்மா வாரக்கணக்கில் வந்து கட்டுப்போட்ட ஆடு. ஒவ்வொரு தடவையும் அதற்கு வலியும் கிடைத்தது, நெற்றும் கிடைத்தது. ஒத்தக்காதி வாயில் குருத்தோடு கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் வரப்பைப் பார்த்து நடந்தது. அது நடந்ததும் பின்னால் இரண்டு, அதன் பின்னால் நாலு, செம்மறி ஆட்டின் சுபாவம்தான் தெரியுமே, கூட்டமே திரும்பியது. அவர் டப்பாவை அப்படியே தரையில் கவிழ்த்தார். அடியில் ஒட்டியிருந்த கடைசி நெற்றைக்கூடத் தட்டிப் போட்டார்.

பிறகுதான் வேலை. அதிகம் தின்றவை ஒவ்வொன்றாக விழுந்தன. நஞ்சு முறிக்கும் ஊசி மருந்து கைவசம் இருந்தது. நான் மருந்தை எடுத்துக் கொடுக்கக் கொடுக்க அவர் முழங்காலாலேயே நகர்ந்து நகர்ந்து ஊசி போட்டுக்கொண்டு போனார். சில ஆடுகள் எங்கள் கையிலேயே செத்தன. ஆனால் பெருங்கூட்டம் பிழைத்தது. ஒத்தக்காதியும் கொஞ்ச நேரம் தள்ளாடிவிட்டு எழுந்து நின்றது. சுடலைமுத்து தன் டப்பாவைத் திறந்து கூழாங்கற்களைக் கண்மாய்க்குள் எறிந்துவிட்டு, "எம்மா, கல்லப் போட்டு ஆட்டுனது நாந்தானம்மா" என்று தலையில் அடித்துக்கொண்டான். அன்று அவனைத் திட்ட என்னிடம் நிறைய வார்த்தைகள் தயாராக இருந்தன. டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார், விழுங்கிக்கொண்டேன். அவனிடம், "அழாத மக்கா. நிக்குதத நிழலுக்குக் கொண்டு போ" என்று மட்டும் சொன்னார். திரும்பும்போது நான் அவர் முதுகிடம், "இன்னைக்கு உங்க நைச்சியம் ஜெயிச்சிட்டு டாக்டரம்மா" என்றேன். "செத்ததும் இருக்குல்லா அண்ணாச்சி" என்றார்.

அந்த வருடத்து ஆடித் தபசுத் திருவிழாவை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். அம்மனின் சப்பரம் வரும்போது விவசாயிகள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தி, மிளகாய் வத்தல், நெல் என்று அள்ளி வீசுவது நம் ஊர் வழக்கம். மேலே பருத்தியும் வத்தலும் பறந்துகொண்டிருந்தபோது எங்கள் தலையில் கலகலவென்று ஏதோ கொட்டியது. பார்த்தால் வேல நெற்று. காடு இல்லாத சுடலைமுத்து ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து வீசிக்கொண்டிருந்தான். "யாருல இது, ஆத்தா மேல ஆட்டுத் தீனிய எறியுதது!" என்று ஒருவர் சண்டைக்குப் போனார். "என் கையில இருக்கதத்தான அண்ணாச்சி நான் போட முடியும்!" என்று அவன் கத்தினான். டாக்டரம்மா கொண்டையில் சிக்கிய நெற்றை எடுத்துக்கொண்டே கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பிறகு பார்த்ததாக நினைவில்லை.

கடைசியில் அவர் படுத்துவிட்டார். என்ன நோய் என்று விவரிக்க எனக்கு மனமில்லை, நீங்கள் பலரும் வந்து பார்த்தவர்கள்தான். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மகன் சென்னையிலிருந்து வந்து கூடவே இருந்தார். அவருடைய கவலையெல்லாம் அம்மா வாயைத் திறக்கவில்லை என்பதுதான். கஞ்சி, பழச்சாறு எல்லாவற்றுக்கும் தலையைத் திருப்பிக்கொண்டார். "ஒரு வாய் குடிங்கம்மா, சீக்கிரம் எந்திரிச்சிரலாம்" என்று அந்தப் பிள்ளை கெஞ்சுவதைக் கேட்க முடியவில்லை. நான் போனதும் என்னை ஓரமாகக் கூட்டிப்போய், "நீங்க சொன்னா கேப்பாங்க மாமா, எதையாவது சொல்லிச் சாப்பிட வைங்க" என்றார்.

அறையில் இருந்த நாற்காலியில் மருந்துகள் இருந்தன. எனக்குக் கால் வலி, நிற்க முடியவில்லை, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். என் பையில் வழிக்குக் கொண்டுவந்த பிளாஸ்க் இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். "டாக்டரம்மா, தபசு வருதுல்லா. இந்தத் தடவையும் நாம சேந்து போறோம். ஸ்கூட்டர எடுத்து வைக்கச் சொல்லிட்டேன். அதுக்குத் தெம்பு வேணும், நாலு வாய் கஞ்சி குடிச்சிட்டீங்கன்னா..."

அவர் கண்ணைத் திறந்தார். படுத்திருந்தவர் என்னை மேலிருந்து பார்த்தார். குரல் மிகவும் மெலிந்திருந்தது.

"அண்ணாச்சி, டப்பாவுல நெத்து இருக்கா?"

மகனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ பிதற்றுகிறார் என்று பயந்துவிட்டார். எனக்குப் புரிந்தது.

"இல்ல டாக்டரம்மா. கல்லுதான்."

அவர் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு வந்தது. "நெசமா உங்க கையில இப்ப என்ன இருக்கு?"

"சுக்குக் காப்பி. எனக்குக் கொண்டாந்தது."

"அதத் தாங்க."

மூடியில் ஊற்றி ஆற்றினேன். மகன் அவரைத் தூக்கிச் சாய்த்துக்கொண்டார். இரண்டு மடக்கு குடித்தார். கருப்பட்டி கூடிவிட்டது என்று குறையும் சொன்னார். மகன் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிளம்பும்போது, "நாளைக்கும் கொண்டு வாரேன்" என்று மட்டும் சொன்னேன். அது என்னால் முடியும். தினமும் கொண்டுபோனேன். சில நாள் இரண்டு மடக்கு, சில நாள் உதட்டை நனைத்துக்கொள்வதோடு சரி. பழைய ஊர்களைப் பற்றி, ஒத்தக்காதியின் பேரன் பேத்திகளைப் பற்றிப் பேசுவோம். நைச்சியம் என்பது ஏமாற்றுதான் என்ற என் கட்சியை ஒருநாள் மறுபடி எடுத்தேன். "உங்களத் திருத்த எங்கப்பாவே வந்தாலும் முடியாது" என்றார். அந்த நாட்களில் அந்த அறையில் துக்கம் இருந்ததாக நான் சொல்லமாட்டேன்.

சுடலைமுத்து போன் செய்த காலையில் அடுப்பில் இருந்தது அவருக்கான காப்பி. அணைத்த அடுப்பைத் திரும்பப் பற்றவைத்து, பிளாஸ்கில் ஊற்றி எடுத்துக்கொண்டுதான் போனேன். கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். அங்கே மகனுக்குக் கொடுத்தேன். ஆடுகளைப் பெண்டாட்டியிடம் விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் வந்திருந்த சுடலைமுத்துவுக்கும் கொடுத்தேன். அவன் வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து குடித்தான்.

காரியம் முடிந்த பிறகு, அம்மாவின் பொருளில் எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று மகன் கேட்டார். அந்தப் பால்பவுடர் டப்பாவைக் கேட்டேன். அது இப்போது என் வீட்டில் இருக்கிறது. நோயில் படுத்திருக்கும் நண்பர்களைப் பார்க்கப் போகும்போது பழக்கதோஷத்தில் வாய்க்கு வந்த ஆறுதலைச் சொல்லத் தோன்றும். வாயை மூடிக்கொண்டு, என்னால் எதைக் கொடுக்க முடியுமோ அதைச் சொல்கிறேன், பக்கத்தில் தாழ்வாக உட்கார்ந்துகொள்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இவ்வளவுதான். மாதம் ஒருமுறை சுடலைமுத்துவின் கிடைக்கு டப்பாவோடு போகிறேன். அவரைப் பார்த்தே இராத குட்டிகள்கூட அந்தச் சத்தத்துக்கு ஓடி வருகின்றன. குலுக்குவதற்கு முன்னால் ஒருமுறை மூடியைத் திறந்து உள்ளே பார்த்துக்கொள்கிறேன்.